கணக்கா, விளம்பரமா? அமெரிக்க மாநில சட்டசபை உறுப்பினரின் செய்திமடலை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

இரவு ஷிப்ற் முடிந்து வந்து தபால்பெட்டியைத் திறந்தால் எனக்கு வழக்கமாக இருப்பவை மூன்று வகை: கட்டவேண்டிய பில், கடை விளம்பரம், இடைக்கிடை குடிவரவு அலுவலகத்தின் கடிதம். 2015 கோடையில் நாலாவது வகையொன்று வந்து கிடந்தது. நான் குடியிருக்கும் தொகுதியின் மாநில சட்டசபை உறுப்பினர் தன் தொகுதி மக்களுக்கு அனுப்பிய செய்திமடல்.

நான் இருப்பது அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில், மெரிமாக் ஆற்றுப் பக்கமாக உள்ள ஒரு சிறு நகரம். நெசவாலைகள் எப்போதோ மூடப்பட்டு, அந்தச் செங்கற் கட்டிடங்களில் இப்போது வேறு வேறு தொழில்கள் நடக்கின்றன. அவற்றில் ஒன்றில் நான் பிளாஸ்ரிக் உறுப்புகளைப் பெட்டியில் அடுக்குகிறேன். ஊரில் வரலாறு படிப்பித்தவன். அது இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

மடலில் நாலு பக்கம். திருத்தப்படவிருக்கும் ஒரு பாலம், உறுப்பினர் முன்வைத்த சட்டமூலங்களின் பட்டியல், முதியோருக்கான வரிச்சலுகைக்கு விண்ணப்பிக்கும் கடைசித் திகதி, சாரணச் சிறுவர்களோடு ஒரு படம், நூலகத்தில் அவரைச் சந்திக்கக்கூடிய நாள். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு சிறு கட்டத்துக்குள் இன்னொரு செய்தி: ஜூலை 1 முதல் முப்பது மணிநேர வேலைக்கு ஒரு மணிநேரம் என்ற கணக்கில், வருடத்துக்கு 40 மணிநேரம் வரை, தொழிலாளிக்குச் சுகயீன விடுமுறை சேரும். பதினொரு பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடமானால் அது சம்பளத்துடன் கூடியது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ சுகமில்லையென்றாலும் எடுக்கலாம்.

என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த இளைஞன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “சேர், உது எலெக்சனுக்கு அடிக்கிற நோட்டீஸ். குப்பைக்கை போடுங்கோ.” எனக்கு அப்போது இந்த நாட்டில் வாக்குரிமையும் இல்லை. ஆனாலும் நான் அதைச் சாப்பாட்டுப் பையுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

எங்கள் தொழிற்சாலையில் அந்தச் சட்டத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. காய்ச்சலோடு வந்து நிற்பதே வழக்கம். வராவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. எனக்குப் பக்கத்தில் வேலைசெய்த கம்போடியப் பெண்ணின் மகனுக்கு ஆஸ்துமா. அந்தக் கட்டத்துக்குள் இருந்ததை மூன்று தரம் வாசித்துக் காட்டச் சொன்னார். அடுத்த கிழமை அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே சுப்பவைசரிடம் போனார். இரண்டு நாள் கிடைத்தது.

ஓர் ஆவணம் கையில் கிடைத்தால், யார் எழுதியது, யாருக்கு, யாருடைய செலவில், எதை விட்டுவிட்டு என்று கேட்கும்படி மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தச் செய்திமடலைப் பார்த்து அதே கேள்விகளைக் கேட்கத் தொடங்கினேன். நூலகத்தில் வாசித்தவற்றிலிருந்து சேர்த்தவையே இக்குறிப்புகள்.

2

தெரிவுசெய்யப்பட்டவர் தன்னைத் தெரிவுசெய்தவர்களுக்கு எழுதவேண்டும் என்பது இன்று இயல்பாகத் தோன்றுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அப்படி இருக்கவில்லை. இங்கிலாந்தின் பொதுமக்கள் சபை, தனது விவாதங்களைப் பத்திரிகைகள் வெளியிடுவது சிறப்புரிமை மீறல் என்று 1738இல் தீர்மானித்தது. 1771இல், அப்படி வெளியிட்ட அச்சகத்தாரைப் பாதுகாத்ததற்காக லண்டன் நகர மேயர் பிராஸ் குறொஸ்பியே சிறைவைக்கப்பட்டார். அந்தச் சபைக்கு இரகசியம் தேவைப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அரசரிடமிருந்து தன்னைக் காக்க முதலில் கதவைச் சாத்திய சபை, பிறகு மக்களிடமிருந்தும் அதே கதவைச் சாத்திக்கொண்டது.

அட்லாண்டிக்கின் இந்தப் பக்கத்தில் கதவு கொஞ்சம் முன்னதாகத் திறந்தது. மாசச்சூசெற்ஸ் பிரதிநிதிகள் சபை 1715 முதல் தனது நடவடிக்கைக் குறிப்பேட்டை அச்சிட்டது. 1766இல் பொதுமக்கள் வந்திருந்து கேட்பதற்குப் பார்வையாளர் மாடத்தைத் திறந்தது. பென்சில்வேனியாவின் 1776ஆம் ஆண்டு அரசியலமைப்பு இவற்றையெல்லாம் தாண்டிச் சென்றது. ஒழுங்காக நடந்துகொள்ளும் எவருக்கும் சபையின் கதவு திறந்திருக்க வேண்டும். சபை கூடியிருக்கும் காலத்தில் வாரந்தோறும் வாக்கெடுப்புகளும் நடவடிக்கைகளும் அச்சாக வேண்டும். இரண்டு உறுப்பினர் கேட்டால் யார் எப்படி வாக்களித்தார் என்பதும் பெயரோடு வரவேண்டும். பொதுவிடயம் சார்ந்த சட்டமூலம் மக்களின் பார்வைக்கு அச்சிடப்பட வேண்டும், அவசர நிலை தவிர்ந்த வேளைகளில் அது அடுத்த கூட்டத்தொடரிலேயே சட்டமாகலாம். இந்த அரசியலமைப்பு 1790இல் மாற்றப்பட்டுவிட்டது. ஆனால் அது கேட்டது என்ன என்பது கவனத்திற்குரியது. உறுப்பினர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்று அது கேட்கவில்லை. அவரது வாக்கைப் பதிந்து வெளியிடச் சொன்னது.

இதனோடு சேர்ந்த இன்னொரு வாதமும் அக்காலத்தில் நடந்தது. பிரதிநிதிக்கு மக்கள் கட்டளையிடலாமா? 1774இல் எட்மண்ட் பேர்க் பிரிஸ்ரல் வாக்காளரிடம், தான் கடன்பட்டிருப்பது தன் சொந்த மதிப்பீட்டுக்கு, அவர்களின் கட்டளைக்கு அல்ல என்ற கருத்தில் பேசியது அரசியல் படித்த எல்லோருக்கும் தெரியும். 1780இல் அதே தொகுதியில் போட்டியிலிருந்து அவர் விலக நேர்ந்ததை அவ்வளவாக யாரும் நினைவுகூர்வதில்லை. அதே 1780இல்தான், பெரும்பாலும் ஜோன் அடம்ஸ் வரைந்த மாசச்சூசெற்ஸ் அரசியலமைப்பு, கூடிப் பேசவும் தமது பிரதிநிதிகளுக்கு அறிவுறுத்தல் கொடுக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு என்று எழுதிவைத்தது. அது இன்றும் நடைமுறையில் உள்ள அரசியலமைப்பு. 1789இல் ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது காங்கிரசில் இதே உரிமையை நாட்டின் உரிமைப் பட்டியலிலும் சேர்க்கும் யோசனை வந்தபோது 10க்கு 41 என்ற வாக்கில் தோற்றது. ஆக, பிரதிநிதி மக்களுக்குக் கட்டுப்பட்டவரா என்ற கேள்வி மாநிலத்தில் ஒரு விதமாகவும் நாட்டில் இன்னொரு விதமாகவும் முடிந்தது.

3

தொகுதிக்கு எழுதும் கடிதத்தின் முன்னோடியை அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் ‘சுற்றுக்கடிதம்’ என்கிறார்கள். 1789க்கும் 1829க்கும் இடையில் காங்கிரஸ் உறுப்பினர்கள் எழுதிய சுற்றுக்கடிதங்களை நோபிள் கனிங்ஹாம் திரட்டி 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். இவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் வேர்ஜீனியா, வட கரோலினா, ரென்னசி, கென்ரக்கி போன்ற தெற்கு, மேற்கு மாநிலத்தவர்கள். காரணம் எளிது. அங்கே சனங்கள் சிதறி வாழ்ந்தார்கள், பத்திரிகைகள் குறைவு. வடகிழக்கில் ஊர்க்கூட்டமும் பத்திரிகையும் இருந்தன. கூட்டத்தொடர் முடிவில் உறுப்பினர் ஓரிரு தாள்களை அச்சிட்டுத் தபாற்செலவில்லாமல் அனுப்புவார். போர் வருமா, வரி கூடுமா, தபால் பாதை எந்தப் பக்கம் போகும் என்று அதில் இருக்கும். நீதிமன்றம் கூடும் நாளில் திரளும் சனங்களுக்கு நடுவில் அது கைமாறும்.

இந்தக் கடிதம் ஆபத்தானது என்று ஆட்சியாளர் நினைத்த காலமும் உண்டு. 1797 மே மாதம் ரிச்மொண்டில் கூடிய மத்திய நீதிமன்றத்தின் ஜூரிமார், வேர்ஜீனியாவின் காங்கிரஸ் உறுப்பினர் சாமுவேல் கபெல் எழுதிய சுற்றுக்கடிதங்கள் ஆதாரமற்ற அவதூறுகளைப் பரப்பி மக்களை அரசிடமிருந்து பிரிக்கின்றன என்று பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினர். அப்போது உப ஜனாதிபதியாக இருந்த தோமஸ் ஜெபர்சன் தன் பெயரை மறைத்து ஒரு விண்ணப்பம் வரைந்தார். பிரதிநிதிக்கும் அவரைத் தெரிவுசெய்தவருக்கும் இடையிலான பேச்சை நீதிமன்றம் மேற்பார்வை செய்யத் தொடங்கினால் மக்களாட்சி நடவாது என்பது அதன் சாரம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த இடம் வேர்ஜீனியாவின் மாநில சட்டசபை. அது ஜூரிமாரைக் கண்டித்தது. கபெல் மீது வழக்கு நடக்கவில்லை. 1803 வரை அவர் காங்கிரசில் இருந்தார். வேர்மொன்ற் உறுப்பினர் மத்தியூ லயனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பத்திரிகையில் வந்த ஒரு கடிதம் தொடர்பாக 1798இல் இராசத்துரோகச் சட்டத்தின் கீழ் நாலு மாதச் சிறையும் 1,000 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டது. சிறைக்குள் இருந்தபடியே அவர் மீண்டும் வென்றார்.

எழுதியவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய அந்தக் கடிதத்தையும், சாரணச் சிறுவரோடு படம் போட்டு எனக்கு வந்த மடலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடையில் என்ன நடந்தது?

4

அதற்கான விடையின் ஒரு பகுதி என் வீட்டிலிருந்து அரைமணி நேர பஸ் பயணத்தில், லோவல் நகரத்தில் இருக்கிறது.

1845இல் லோவல் நெசவாலைகளின் தொழிலாளிகள், நாளொன்றுக்குப் பத்து மணிநேர வேலை என்று சட்டம் செய்யக் கோரி மாசச்சூசெற்ஸ் சட்டசபைக்கு மனுக் கொடுத்தார்கள். மொத்தம் 2,139 கையொப்பம், அதில் 1,151 லோவலிலிருந்து. சாரா பாக்லி முதலானோர் நடத்திய பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கம் இதன் பின்னால் நின்றது. பெப்ரவரி 13ஆம் திகதி சட்டசபைக் குழு பொஸ்ரனில் விசாரணை நடத்தியது. பெண் தொழிலாளிகள் நேரில் சாட்சி சொன்னார்கள். எலைசா ஹெமிங்வே என்ற பெண், காலை 5 மணியிலிருந்து மாலை 7 மணிவரை தான் வேலைசெய்வதையும், சுமார் 150 பேர் நிற்கும் அறையில் 293 சிறு விளக்குகளும் 61 பெரிய விளக்குகளும் எரிவதையும் சொன்னார். அந்த விளக்குகளை யாரோ ஒருவர் எண்ணியிருக்கிறார். எங்கள் அறையின் காற்றோட்டக் குழாய்களை எண்ணிப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணுதலின் அர்த்தம் எனக்கு விளங்கியது.

குழுவின் தலைவர் வில்லியம் ஸ்கூலர் லோவலின் சட்டசபை உறுப்பினர். அதோடு அந்த நகரத்தின் பத்திரிகையொன்றின் உரிமையாளரும் ஆசிரியரும்கூட. அதாவது, தான் பொஸ்ரனில் என்ன செய்தேன் என்று தொகுதிக்குச் சொல்லும் வாயும் அவருடையதே. குழு ஆலைகளைப் போய்ப் பார்த்தது. அறைகளில் சாடி வைத்துப் பூச்செடி வளர்த்திருப்பதை அறிக்கையில் மெச்சியது. இறுதியில், துஷ்பிரயோகங்கள் இருக்கலாம், ஆனால் பரிகாரம் எங்கள் கையில் இல்லை என்று முடித்தது.

பெண்களுக்கு வாக்கு இல்லை. ஆனாலும் அந்த விசாரணை அச்சில் இருந்தது, சபையின் 1845ஆம் ஆண்டு ஆவண இலக்கம் 50ஆக. சாட்சி என்ன சொன்னது, தலைவர் என்ன எழுதினார் என்று ஒப்பிட முடிந்தது. சங்கத்தினர் அவரைத் தோற்கடிக்க வேலைசெய்தார்கள். அந்த வருட இறுதியில் நடந்த தேர்தலில் ஸ்கூலர் தோற்றார். வாக்களித்த ஆண்களுக்கு நன்றி தெரிவித்து, வாக்கில்லாத பெண்கள் ஒரு தீர்மானம் வெளியிட்டார்கள். பெண்களுக்கும் சிறுவருக்குமான பத்து மணிநேரச் சட்டம் இம்மாநிலத்தில் வந்தது 1874இல், இருபத்தொன்பது வருடம் கழித்து.

மெரிமாக் ஆற்றில் லோவலுக்குக் கீழே இருக்கும் லோரன்ஸ் நகரம் இந்தக் கதையின் இன்னொரு பக்கம். பெண்களுக்கும் சிறுவருக்கும் வாராந்த வேலைநேரத்தை 56இலிருந்து 54 ஆகக் குறைத்து சட்டசபை செய்த சட்டம் 1912 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம்தான். சம்பளத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. முதலாளிகள் இரண்டு மணிநேரச் சம்பளத்தை வெட்டினார்கள். சட்டத்தின் உண்மையான பொருள் தொழிலாளிக்குச் சம்பள உறையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. ஜனவரி 11இல் போலந்துப் பெண்கள் தறியை விட்டு வெளியேற, பல மொழி பேசும் குடியேறிகள் சேர்ந்த பெரும் வேலைநிறுத்தம் மார்ச் வரை நீடித்தது. சட்டசபை செய்ததற்கும் அது தொழிலாளியின் கைக்கு வந்து சேர்வதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை லோரன்ஸ் காட்டியது. செய்திமடல் ஒன்றுக்கு நியாயமிருந்தால் அது இந்தத் தூரத்தைக் குறைப்பதில்தான் இருக்கிறது.

5

இன்றைய மாநிலச் செய்திமடல் பெரும்பாலும் 1960களுக்குப் பிந்திய பிறவி. அதற்கு முன் பல மாநிலங்களில் உறுப்பினருக்கு அலுவலகமோ உதவியாளரோ இல்லை. சபையிலிருந்த மேசையே அவரது அலுவலகம். தொகுதி என்பதே பல இடங்களில் அர்த்தமிழந்திருந்தது. அலபாமாவும் ரென்னசியும் 1901க்குப் பிறகு அறுபது வருடமாகத் தொகுதி எல்லைகளைத் திருத்தவில்லை. நகரத்துக்குச் சனம் வந்து நிறைந்தபோதும் ஆசனங்கள் வயல்வெளியிலேயே நின்றன. 1962இலும் 1964இலும் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகளே ஒவ்வொரு தொகுதியிலும் ஏறத்தாழ ஒரே தொகை மக்கள் இருக்கவேண்டும் என்றாக்கின. உறுப்பினர் பிரதிநிதித்துவம் செய்வது ஆட்களையே தவிர மரங்களையும் ஏக்கர்களையும் அல்ல என்று 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொன்னது. அந்த ஆட்களில் பிரஜையல்லாதவரையும் சேர்த்து எண்ணித் தொகுதி பிரிக்கலாம் என்பது 2016இல் உறுதியானது. 2015இல் என் தபால்பெட்டிக்கு அந்த மடல் வந்தது தவறுதலாக அல்ல என்பது இதை வாசித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வாக்கில்லாவிட்டாலும் நான் அந்தத் தொகுதியின் எண்ணிக்கைக்குள் இருந்தேன்.

அளவும் இங்கே முக்கியம். எங்களுக்கு வடக்கே இருக்கும் நியூஹாம்ஷயரின் பிரதிநிதிகள் சபையில் 400 பேர். ஒருவருக்குச் சுமார் 3,400 சனம். சம்பளம் 1889 முதல் இன்றுவரை இரண்டு வருடத்துக்கு 200 டொலர். அவர் கடையில் நின்றே தொகுதிக்குக் கணக்குச் சொல்லலாம். கலிபோர்னியா செனற்றில் 40 பேர், ஒருவருக்குக் கிட்டத்தட்ட பத்து லட்சம் சனம். அங்கே கடிதம் தவிர வேறு வழியில்லை. அதனாலேயே கடிதம் அங்கே ஆயுதமாகவும் ஆயிற்று. பதவியில் இருப்பவர் பொதுப்பணத்தில் தன் படத்தை வீடுவீடாக அனுப்புவார், எதிர்த்து நிற்பவர் சொந்தப் பணத்தில் முத்திரை வாங்கவேண்டும். 1988 ஜூனில் கலிபோர்னிய வாக்காளர் 73ஆம் இலக்கப் பிரேரணையை நிறைவேற்றி, பொதுப்பணத்தில் செய்திமடல்களைத் திரளாக அஞ்சலில் அனுப்புவதைத் தடைசெய்தார்கள். அந்தப் பிரேரணையின் நன்கொடை வரம்புகளை நீதிமன்றங்கள் பின்னர் தள்ளின. செய்திமடல் தடை நின்றது.

டேவிட் மேஹ்யூ என்ற அரசியலறிஞர் 1974இல் காங்கிரசைப் பற்றி எழுதிய நூலில், மீண்டும் வெல்ல விரும்பும் உறுப்பினர் செய்யும் வேலைகளை மூன்றாக வகுத்தார்: தன்னை விளம்பரப்படுத்துதல், நடந்த நன்மைக்கு உரிமை கோருதல், நிலைப்பாடு அறிவித்தல். அந்த மூன்றையும் கையில் பிடித்துக்கொண்டு என் மடலைத் திரும்ப வாசித்தேன். படம் முதலாவது. பாலம் இரண்டாவது. சட்டமூலப் பட்டியல் மூன்றாவது. கட்டத்துக்குள் இருந்த சுகயீன விடுமுறை எதில் சேரும்?

தேடிப் பார்த்தபோது தெரிந்தது: அந்தச் சட்டத்தைச் சட்டசபை செய்யவேயில்லை. அத்தகைய சட்டமூலம் அங்கே பல வருடம் நிறைவேறாமல் கிடந்தது. தொழிற்சங்கங்களும் சமூக அமைப்புகளும் கையெழுத்துச் சேர்த்து அதை வாக்காளர் முன் கொண்டுபோக, 2014 நவம்பரில் வாக்களித்தோரில் பத்துக்கு ஏறத்தாழ ஆறு பேர் ஆம் என்றார்கள். மடலை எழுதியவர் அதைத் தன்னுடையது என்று சொல்லவில்லை. வெறும் தகவலாகவே போட்டிருந்தார். அந்த நாலு பக்கத்தில் அவருக்கு எந்தப் பெருமையும் தராத பகுதிதான் எங்களுக்கு இரண்டு நாள் சம்பளமாக மாறியது.

6

இனி எம்மவர் விடயத்துக்கு வருகிறேன். மாசச்சூசெற்ஸ் சட்டசபைக்கும் எங்களுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1979இல் ஆளுநர் எட்வேர்ட் கிங் மே 22ஐ ஈழத்தமிழர் தினமாகப் பிரகடனம் செய்தார். 1981 ஜூனில், யாழ் நூலகம் எரிந்து சில வாரங்களுக்குள், மாசச்சூசெற்ஸ் பிரதிநிதிகள் சபை தமிழர்மீதான அநீதிகளைக் கண்டித்தும் தனியரசுக் கோரிக்கையை ஆதரித்தும் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த நாட்களில் எங்களுக்கென்று வாய்திறக்க உலகில் ஒருவருமில்லை. அத்தீர்மானம் தந்த ஆறுதலை நான் ஏளனம் செய்யவில்லை. அதற்காக உழைத்தவர்களையும் குறைசொல்லவில்லை.

ஆனால் அதே சபையின் குறிப்பேட்டில் அக்கம்பக்கத்தையும் புரட்டவேண்டும். தென்னாபிரிக்க நிறவெறி அரசோடு தொடர்புள்ள கம்பனிகளிலிருந்து மாநில ஓய்வூதியப் பணத்தை மீளப்பெறும் சட்டத்தை மெல் கிங் போன்ற உறுப்பினர்கள் வருடக்கணக்கில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சபைகள் நிறைவேற்றியதும் அதை மறுத்துத் திருப்பி அனுப்பியவர், எங்களுக்குப் பிரகடனம் தந்த அதே ஆளுநர் கிங். 1983 ஜனவரியில் அவரது மறுப்பைச் சட்டசபை வாக்களித்துத் தள்ளியது. எங்களுக்கான பிரகடனம் அவருக்கு ஒரு டொலரும் செலவு வைக்கவில்லை. தென்னாபிரிக்கச் சட்டம் பணத்தைத் தொட்டது.

இன்னுமொன்று. பர்மிய இராணுவ ஆட்சியோடு வியாபாரம் செய்யும் கம்பனிகளிடம் மாநில அரசு பொருள் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை, பைரன் ரஷிங் என்ற உறுப்பினரின் முயற்சியில், மாசச்சூசெற்ஸ் 1996இல் கொண்டுவந்தது. வர்த்தக அமைப்பொன்று வழக்குப் போட்டது. 2000 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாகச் செல்லாததாக்கியது. பர்மா விடயத்தில் காங்கிரஸ் ஏற்கெனவே சட்டம் செய்திருக்கையில் மாநிலம் குறுக்கே வரமுடியாது என்பது தீர்ப்பின் சாரம். எங்களுக்கான தீர்மானத்தை எதிர்த்து யாரும் நீதிமன்றம் போகவில்லை. போகத் தேவையும் இருக்கவில்லை. அது எவரையும் எதுவும் செய்யும்படி கேட்கவில்லை.

இதிலிருந்து நான் பெறும் முடிவு, மாநில உறுப்பினரிடம் போகவே கூடாது என்பதல்ல. எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போகவேண்டும் என்பதே. எங்கள் சங்கங்களின் ஆண்டு மலர்களைப் பாருங்கள். பொன்னாடை போர்த்திய உறுப்பினரின் படமும், தங்க முத்திரை குத்திய வாழ்த்துப் பத்திரமும் முதற்பக்கத்தில் இருக்கும். அதே உறுப்பினர் வாடகைச் சட்டத்துக்கு எப்படி வாக்களித்தார், வேலையில் காயப்பட்டவருக்கான நட்டஈட்டில் எந்தப் பக்கம் நின்றார் என்று ஒரு வரி இருக்காது. மண்டபத்தில் கதிரை அடுக்கியவர்களில் பாதிப்பேர் வாடகை வீட்டிலும் தொழிற்சாலையிலும் இருப்பவர்கள்.

7

ஏன் எங்களுக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை? என் தலைமுறையின் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். 1977 தேர்தலின்போது எனக்கு ஏழு வயது. எம்.பி.க்கு மாலை போட அப்பா என்னைத் தூக்கிப் பிடித்தது ஞாபகம். பேச்சுகளை அடுத்தநாள் பத்திரிகையில் வாசித்தார்கள். நான் எந்தச் சட்டமூலத்துக்கு எப்படி வாக்களித்தேன், தொகுதிக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று எழுதிய ஒரு தாள் எங்கள் வீட்டுக்கு வந்ததை நான் காணவில்லை. அப்பாவும் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் எதிர்பார்த்தது கொள்கை மாறாதவராக இருப்பதை. 1983 ஓகஸ்டில் ஆறாம் திருத்தம் வந்து, தனிநாட்டுக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தை மறுத்த எம்.பி.மார் ஆசனங்களை இழந்தார்கள். அதற்குப் பின் வந்தவர்கள் கணக்குக் கேட்கக்கூடியவர்களாக இருக்கவில்லை. கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பது இச்சஞ்சிகையின் வாசகர்களுக்குத் தெரியும்.

2013 செப்டெம்பரில் வட மாகாணசபைக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்தது. அதிகாரம் குறைந்த சபை, ஆளுநரின் குறுக்கீடு நிறைந்த சபை என்பதெல்லாம் உண்மை. 2018 ஒக்டோபரில் காலம் முடியும்வரை அது நானூறுக்கு மேற்பட்ட தீர்மானங்களை நிறைவேற்றியது. நியதிச்சட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இனப்படுகொலை பற்றிய 2015 பெப்ரவரித் தீர்மானத்தை நானும் வரவேற்றேன். அதே காலத்தில் மீன்பிடித் துறையில், விதவைகளின் வாழ்வாதாரத்தில், பாடசாலைகளில் அச்சபை என்ன செய்தது, எதைச் செய்யவிடாமல் தடுக்கப்பட்டது என்று ஒவ்வொரு உறுப்பினரும் ஆண்டுக்கொரு தாள் எழுதியிருந்தால், தடுத்தவர்களுக்கு எதிரான சாட்சியமாகவேனும் அது இன்று எங்கள் கையில் இருந்திருக்கும். லோவல் பெண்களிடம் இருந்த ஆவண இலக்கம் 50 போல.

இங்கே எல்லாம் நேராக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. மாசச்சூசெற்ஸ் சட்டசபை பொது ஆவணச் சட்டத்திலிருந்து தன்னை விலக்கிவைத்திருக்கும் சபை. 1715இல் குறிப்பேட்டை அச்சிட்ட அதே சபை! குழுக்களில் யார் எப்படி வாக்களித்தார் என்று அறிவது நெடுங்காலம் சிரமமாக இருந்தது. மாநிலக் கணக்காய்வாளர் சட்டசபையைக் கணக்காய்வு செய்யலாமா என்று 2024 நவம்பரில் வாக்காளரிடம் கேட்கப்பட்டபோது, பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆம் என்றார்கள். சபைத் தலைமையோ அது அதிகாரப் பிரிவினைக்கு முரண் என்று எதிர்த்து நின்றது. பிரஜையான பிறகு நான் முதன்முதலாக வாக்களித்த தேர்தல் அது. அந்தக் கேள்விக்கு ஆம் என்று வட்டத்தை நிரப்பும்போது என் கை கொஞ்சம் நடுங்கியது. ஐம்பது வயது கடந்த ஒருவன், கணக்குக் காட்டு என்று தன் பிரதிநிதியிடம் முதன்முதலாகக் கேட்டான்.

அதற்கு முன்னரே ஒருமுறை நூலகத்தில் உறுப்பினரின் உதவியாளரைச் சந்திக்கப் போயிருந்தேன். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். தமிழர் நிகழ்வு ஏதாவது இருக்கிறதா, வாழ்த்துப் பத்திரம் வேண்டுமா என்று முதலில் கேட்டார். அதற்குப் பழகிப்போயிருக்கிறார். எனக்குப் பத்திரம் வேண்டாம், மடலில் உள்ள சட்டமூலங்கள் எந்தக் குழுவில், எப்போது விசாரணைக்கு வரும் என்று சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் திகைத்து, பிறகு மிகவும் அக்கறையாக எழுதித் தந்தார். எவரும் தன் உறுப்பினர் மூலம் சட்டமூலத்தைச் சமர்ப்பிக்கலாம் என்ற பழைய மனு உரிமை இம்மாநிலத்தில் இன்னும் உயிரோடு இருப்பதையும் அவர்தான் சொன்னார்.

நண்பர்கள் சிலர் இதை வாசித்துவிட்டு, தேசத்தை இழந்து நிற்கும் நேரத்தில் பாலத்தையும் சுகயீன லீவையும் பேசுகிறாய் என்று கோபிக்கக்கூடும். அவர்களின் வாதத்தை எழுத்தில் காண விரும்புகிறேன். என் பக்கத்துக்கு ஒரு யோசனை: நாங்கள் எங்களிலிருந்தே தொடங்கலாம். சங்கமோ, சஞ்சிகையோ, கோயில் நிர்வாகமோ, வருடத்துக்கு ஒரு தாள் எழுதட்டும். வந்த பணம் இவ்வளவு, போன பணம் இவ்வளவு, இந்த முடிவுக்கு இன்னார் ஆம் என்றார், இன்னார் இல்லை என்றார். படம் வேண்டாம்.

2015இல் வந்த அந்த மடலின் கடைசிப் பக்கத்தை வெட்டி எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டறையின் அறிவித்தல் பலகையில் குத்தினேன். இரண்டு தரம் யாரோ கழற்றினார்கள். மூன்றாம் தரம் அந்தக் கம்போடியப் பெண் தன் மொழியில் கையால் எழுதிய தாளொன்றையும் பக்கத்தில் சேர்த்துக் குத்தினார். அதற்குப் பிறகு ஒருவரும் கழற்றவில்லை.